பெயின்ட் வாளியில் பிழைத்த ரோஜா

போன ஏப்ரலில் மகள் வீட்டுக்குப் போனவள் 11 நாள் தங்கிவிட்டேன். திருச்சி வெயிலில் செடிகளைத் தனியே விட்டுப் போகிறோமே என்ற கவலையில், தண்ணீர் ஊற்ற ஆள் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். அந்தப் பையன் ஒரு நாள் தவறாமல் ஊற்றியிருக்கிறான். திரும்பி வந்தபோது தொட்டி மண் ஈரமாகத்தான் இருந்தது. ஆனால் பால்கனி மூலையில் இருந்த பட்டன் ரோஜா செத்துப்போயிருந்தது. இலையெல்லாம் வெளிறி, ஊசியால் குத்திக் குத்தி வைத்ததுபோல் புள்ளி விழுந்து, கிளைக்கும் கிளைக்கும் நடுவே மெல்லிய நூலாம்படை. ஆறு வருடம் என்னோடு இருந்த செடி. முழங்கால் உயரம்கூட வராத அதில் ஒரு மார்கழிக் காலையில் 30 பூ எண்ணியிருக்கிறேன். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

கொன்றது செஞ்சிலந்திப் பேன். பூச்சி என்று வாய்ப்பழக்கத்தில் சொல்கிறோம்; அதற்கு எட்டுக் கால், சிலந்திக்குச் சொந்தம். மிளகாய்ப் பொடித் துகள் அளவுதான் இருக்கும். இலையின் அடிப்பக்கம் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும். காற்று வறண்டு வெயில் ஏற ஏற வேகமாகப் பெருகும். நம் ஊர்க் கோடையில் முட்டையாக இருந்தது வளர்ந்து தானே முட்டையிட ஒரு வாரம், பத்து நாள் போதும். நான் வேருக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். இலையைத் திருப்பிப் பார்க்கச் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் மாசி பிறந்ததும் ஒரு வெள்ளைத் தாளைக் கிளைக்கு அடியில் பிடித்துத் தட்டிப் பார்க்கிறேன். தாளில் விழுந்த புள்ளி ஊர்ந்தால் அன்றைக்கே வேலையைத் தொடங்க வேண்டும். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துவிட்டால் மருந்தே வேண்டாம். இரண்டு நாளைக்கு ஒரு தடவை, காலையில், இலையின் அடிப்பக்கம் நன்றாகப் படும்படி தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். கொஞ்சம் மீறிவிட்டால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய இரண்டு சொட்டு சோப்புத் திரவம், வெயில் தாழ்ந்த பிறகு. கடையில் பூச்சிமருந்து கேட்டு வாங்கி அடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதைப்பாக இருக்கும். அந்த மருந்து பல நேரம் பேனை விட்டுவிட்டு, பேனைத் தின்கிற சின்ன உயிர்களைத்தான் கொல்கிறது. அதற்குப் பிறகு பேன் முன்னைவிட அதிகமாக வரும். கந்தகத் தூள் கேட்கும். ஆனால் சித்திரை வெயிலில் அடித்தால் இலை கருகிவிடும். வேப்பெண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள்ளும் அதைத் தொடக் கூடாது.

சின்னச் செடி, அதனால் வேலையும் கொஞ்சம் என்று நினைத்து வாங்குகிறவர்கள் நிறையப் பேர். பூ சின்னதாக இருக்கிறதே தவிர அதுவும் ரோஜாதான். பெரிய ரோஜா கேட்கும் ஐந்தாறு மணி நேர வெயிலை இதுவும் கேட்கும். பெரிய செடிக்குத் தரையில் ஆழமாகப் போக வேர் இருக்கிறது. தொட்டியில் இருக்கும் இதற்கு நாம் கொடுத்த எட்டு அங்குல மண்தான் உலகம். அது காய்ந்தாலும் இதுதான் காய வேண்டும்; சூடேறினாலும் இதுதான் வேக வேண்டும். கோடையில் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியின் வெயில் படும் பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத அந்தச் சுவரை ஒட்டித்தான் வேர் ஓடுகிறது. அதனால் நான் பிளாஸ்டிக் தொட்டியை அதைவிடப் பெரிய மண்தொட்டிக்குள் இறக்கி, நடுவில் இருக்கும் சந்தில் தேங்காய் மட்டையை நறுக்கிப் போட்டிருக்கிறேன். தரைச் சூடு ஏறாமல் அடியில் இரண்டு செங்கல். மேல்மண்ணுக்குக் காய்ந்த இலைப் போர்வை. பங்குனியிலிருந்து ஆனி வரை, மதியம் இரண்டு மணிக்கு மேல் ஒரு பழைய வேட்டியை நிழலுக்குக் கட்டிவிடுவேன். அப்படியும் அந்த மாதங்களில் பூ சிறுத்து, நிறம் வெளுத்துத்தான் வரும். அதற்காக உரத்தை அள்ளிப் போடாதீர்கள். வெப்பம் இறங்கினால் நிறம் தானாகத் திரும்பும்.

பட்டன் ரோஜாவின் கதையே தொட்டியில் பிழைத்துக் கிடந்த கதைதான். முன்பு ஐரோப்பாவில் இருந்த ரோஜாக்கள் பெரும்பாலும் வருடத்துக்கு ஒரு தடவை பூத்து ஓய்ந்துவிடும். மாதா மாதம் பூக்கும் குணம் சீன ரோஜாக்களோடு 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே போய்ச் சேர்ந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில், கல்கத்தா வழியாகவும் போனதால் பிரெஞ்சுக்காரர்கள் அவற்றை 'வங்காள ரோஜா' என்றே அழைத்தார்கள். அவற்றில் குட்டையான வகைகளைத் தொட்டியில் வைத்துக் கொஞ்ச காலம் கொண்டாடினார்கள். பிறகு பெரிய பூ மோகம் வந்தது. குட்டை ரோஜாக்களை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம், ரூலே என்ற சுவிஸ் ராணுவ மருத்துவர் மோபோர்ஜே என்ற மலைக் கிராமத்தில் ஜன்னல் திண்ணைகளில் விரல் உயரத்துக்கு ரோஜாச் செடிகளைப் பார்த்தார். தலைமுறை தலைமுறையாக அங்கே அதைத் தொட்டியிலேயே வளர்த்து வந்திருக்கிறார்கள். ஜெனீவாவில் தாவரங்கள் வளர்த்துக்கொண்டிருந்த ஆன்றி கொரவோனிடம் போய்ச் சொன்னார். அதற்குள் கிராமம் தீப்பிடித்து எரிந்துவிட்டது. செடிகளும் போய்விட்டன. பக்கத்து ஊரான ஓனானில் ஒரு பெண்மணி வீட்டில் மட்டும் ஒரு தொட்டி மிச்சம் இருந்தது. அதிலிருந்து எடுத்த குச்சிகளை கொரவோன் பெருக்கினார். மருத்துவர் பெயரையே செடிக்கும் வைத்தார். அதை வைத்து நெதர்லாந்தில் யான் டி விங்க் கலப்புச் செய்து உருவாக்கிய வகை 1936இல் 'டாம் தம்ப்' என்ற பெயரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதற்குப் பிறகு கலிபோர்னியாவின் விசாலியாவில் ரால்ப் மூர். 1907இல் பிறந்து 102 வயது வரை வாழ்ந்த அந்த மனிதர் நூற்றுக்கணக்கில் புது வகைகளை உருவாக்கினார். கோடு போட்டது, ஓரத்தில் வேறு நிறம் தீட்டியது, பாசி படர்ந்த மொட்டுள்ளது என்று. கடைசியில் தன் ஆராய்ச்சிச் செடிகளை டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார்.

இவ்வளவு பேரை நான் நினைத்துக்கொண்டாலும், ஓனான் பெண்மணிதான் அடிக்கடி மனதுக்குள் வந்து நிற்கிறார். அவருடைய பெயரை யாரும் எழுதி வைத்ததாக நான் படித்த எதிலும் இல்லை.

என் செடி செத்ததற்கு முந்தைய ஐப்பசியில், எங்கள் தெருமுனையில் பூக்கட்டும் அக்காவுக்கு அதிலிருந்து இரண்டு குச்சி வெட்டிக் கொடுத்திருந்தேன். கொடுத்ததை மறந்தும்விட்டேன். மே மாதம் ஒரு நாள் முல்லை வாங்கப் போனபோது, மனசு கேட்காமல் அவரிடம் செடி போன சங்கதியைச் சொன்னேன். அக்கா கட்டிக்கொண்டிருந்த சரத்தை ஈரத்துணியில் வைத்துவிட்டு எழுந்தார்.

"உள்ள வாங்க டீச்சர். அன்னைக்கு நீங்க குடுத்ததுல ஒண்ணு பட்டுப்போச்சு. ஒண்ணு நல்லா இருக்கு."

குளியலறைக்கு வெளியே, கிழக்குப் பார்த்த சந்தில், அடியில் ஓட்டை போட்ட பெயின்ட் வாளி ஒன்று. அதில் என் செடி. அதே அடர்சிவப்பு, நடுவில் வெள்ளைப் பொட்டு. காலை வெயில் மட்டும் படும் இடம். துணி துவைக்கிற தண்ணீர் தெறிக்கும் என்று ஒரு பலகையை வேறு சாய்த்து வைத்திருந்தார்.

இந்தச் செடியைக் குச்சியிலிருந்து எடுப்பதில் ஒரு லாபம் உண்டு. ஒட்டுக்கட்டிய செடியில் அடியிலிருந்து காட்டு ரோஜா கிளம்பி மேலே இருப்பதை அமுக்கிவிடும். குச்சியில் வேர்விட்ட செடியில் எங்கே துளிர்த்தாலும் அது அதுவேதான். குட்டையாகவும் நிற்கும்; வீரியமான வேர்ச்செடியில் ஒட்டினால் பட்டன் ரோஜாவும் உயர்ந்துவிடும். ஏழிலை வந்தால் காட்டு ரோஜா, ஒடித்துப் போடு என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து ஒடிக்காதீர்கள். பட்டன் ரோஜாவுக்கு ஏழு சிற்றிலை வருவது சாதாரணம்.

நர்சரியில் வாங்கினால் ஒன்றைக் கவனியுங்கள். ஆந்திராவின் கடியம் பக்கத்திலிருந்து வரும் செடிகளின் வேரில் பிசுபிசுப்பான களிமண் உருண்டை இருக்கும். லாரிப் பயணத்துக்கு அது நல்லது. தொட்டிக்குள் அப்படியே வைத்தால் காய்ந்து கல்லாகும், அல்லது தண்ணீர் நின்று வேர் அழுகும். ஒரு வாரம் நிழலில் வைத்துப் பழக்கி, பிறகு வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, களிமண்ணில் பாதிக்கு மேல் மெதுவாகக் கரைத்துவிட்டு நடுங்கள். செம்மண் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, தென்னைநார்க் கழிவும் மணலும் சேர்ந்து ஒரு பங்கு, ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு. பூக்கும் காலத்தில் 15 நாளைக்கு ஒரு முறை, மூன்று நாள் ஊறிய கடலைப் புண்ணாக்குக் கரைசலைப் பத்து மடங்கு தண்ணீர் கலந்து கொடுப்பேன். ஆழ்குழாய்த் தண்ணீர் ஊற்றி ஊற்றித் தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், முதல் நல்ல மழையில் செடியைத் திறந்த வெளியில் வைத்துக் கழுவ விடுங்கள். அடைமழையில் வேண்டாம்; இலை மணிக்கணக்கில் ஈரமாக இருந்தால் கரும்புள்ளி நோய் வரும். உதிர்ந்த புள்ளி இலையைத் தொட்டியிலேயே விடாமல் பொறுக்கிவிட வேண்டும்.

அந்த மே மாதம் அக்கா அப்போதே கத்தரிக்கோலை எடுத்துவிட்டார். நான்தான் தடுத்தேன். அந்த வெயிலில் குச்சி வேர்விடாது. ஐப்பசி வரை காத்திருந்தேன். பூத்து முடிந்த கிளையாகப் பார்த்து நான்கைந்து அங்குலம், கணுவுக்குக் கீழே வெட்டு, உச்சியில் இரண்டு இலை மட்டும். மணலும் தென்னைநாரும் கலந்த சின்னக் கப்பில் ஊன்றி, தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டி மேலே கவிழ்த்து நிழலில் வைத்தேன். ஆறு குச்சியில் நான்கு பிடித்தன.

ஒன்று மண்தொட்டிக்கு வந்தது. ஒன்று மகளுக்கு. ஒன்று எதிர்வீட்டுக்கு. நான்காவதை நூலகத்தில் வேலை பார்க்கும் பெண் கேட்டிருந்தாள்; பேருந்தில் மடியில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். இப்போது மறுபடியும் குச்சி ஊன்றியிருக்கிறேன். பாட்டிலின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருக்கிறது. இன்றைக்கு 19ஆம் நாள். இரண்டு விரலால் லேசாக இழுத்துப் பார்த்தேன். இன்னும் பிடிமானம் இல்லை.