எல்லை தெரியாமல் எப்படி அனுமதி?

சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிப் பெரும்பாக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அனுமதி கொடுத்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய்விட்டது. பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமான பள்ளிக்கரணை ராம்சார் தலத்தின் எல்லை களத்தில் இன்னும் உறுதியாகவில்லை என்பதுதான் அதிகாரத் தரப்பின் விளக்கம். இதை ஏற்க முடியாது. சுமார் 1,248 ஹெக்டேருக்கு ராம்சார் தகுதி கிடைத்தது 2022-இல். எந்தெந்தப் புல எண்கள் அதற்குள் வருகின்றன என்று தெரியாவிட்டால், நிறுத்தி வைத்திருக்க வேண்டியது அனுமதியைத்தான்.

அளந்து முடிக்க ஆளில்லையா? அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில், பெருங்குடியிலேயே இருக்கிறது. தாவரவியலும் விலங்கியலும் கற்பிக்கும் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்தில் இருக்கிறது. சட்டம், சூழலியல் ஆகிய இரு துறை மாணவர்களும் சேர்ந்து இறங்க வேண்டிய வேலை இது. 2017 ஈரநில விதிகள், பத்தாண்டுகளில் பதிவான சராசரி உச்ச வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டடம் கூடாது என்கின்றன. அந்த 50 மீட்டர் எங்கிருந்து தொடங்குகிறது? வெள்ளம் ஏறிய தடத்தையும் கோரைப்புல் படர்ந்த பரப்பையும் பார்த்துச் சொல்லச் சூழலியல் மாணவரால் முடியும். ஆனால், அந்தக் கோட்டைப் புலப்படத்தில் பொருத்தி, பட்டாவோடும் அரசாணையோடும் ஒப்பிட்டு, நீதிமன்றத்தில் நிற்கும் ஆவணமாக்கச் சட்ட மாணவர் வேண்டும். ஒருவர் குறிப்பு இல்லாமல் மற்றவர் மனு நிற்காது. இந்த இளைஞர்களை அழைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

சதுப்பு நிலத்தைக் காக்க வேண்டும் என்று அதிகாரத் தரப்புக்குத் தோன்றாதது இது முதல் முறையும் அல்ல. ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த சதுப்பு நிலத்தில் பெருங்குடிக் குப்பைமேட்டை வளரவிட்டது இதே தரப்புதான். சாலைகளும் நிறுவனங்களும் சதுப்பு நிலத்தைக் கூறுபோட்டதும் அதன் ஒப்புதலோடுதான். தென்சென்னையின் மழைநீர் இங்கே தேங்கி, ஒக்கியம் மடுவு வழியாகக் கடலை நோக்கிப் போக வேண்டும். அந்த வழியை நெரித்ததன் விலையை 2015 வெள்ளத்தில் வேளச்சேரி மக்கள் மாடியேறி நின்று கொடுத்தார்கள். 2007-இல் 317 ஹெக்டேரைக் காப்புக்காடாக அரசு அறிவித்தது. மிச்சப் பரப்பு அப்போது அந்தக் காப்புக்குள் வரவில்லை.

அறிவிப்பதோடு கடமை முடிந்தது என்று நினைப்பவர்களிடம் எல்லையைத் தனியே ஒப்படைத்துவிட்டுக் காத்திருக்க இனியும் காரணமில்லை. அளவைப் பணியில் மாணவர்களுக்கு உரிய இடம் வேண்டும். புல எண் பட்டியல் மக்கள் பார்வைக்கு வர வேண்டும். அதுவரை ஒரு செங்கல் வைக்கவும் அனுமதி கூடாது.