ஸ்கூட்டருக்கு பைக் ஆயில் எதற்கு?

கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகு வாங்க வருகிறவர், எந்த ஊர்ச் சரக்கு, என்ன தரம், ஈரம் எவ்வளவு என்று கேட்காமல் பையில் கை விடுவதில்லை. அதே ஆள் ஸ்கூட்டரை ஒர்க்‌ஷாப்பில் விடும்போது "ஆயில் மாத்திடுங்க சேட்டா" என்பதோடு முடித்துக்கொள்கிறார். எந்த ஆயில் என்று அவரும் கேட்பதில்லை, மெக்கானிக்கும் சொல்வதில்லை. கியர் பைக்கில் இன்ஜின், கியர்பாக்ஸ், கிளட்ச் மூன்றும் பெரும்பாலும் ஒரே ஆயிலில் ஊறிக் கிடக்கின்றன. ஆயில் அளவுக்கு மீறி வழுக்கினால் கிளட்ச் தட்டு பிடிக்காது. இதற்காகத்தான் ஜப்பானின் ஜாசோ அமைப்பு 1998இல் நாலு ஸ்ட்ரோக் இருசக்கர வண்டிகளுக்கான ஆயிலை எம்.ஏ., எம்.பி. என்று இரண்டாகப் பிரித்தது. கிளட்சுக்கு வேண்டிய பிடிப்பு உள்ளது முதல் வகை, உராய்வு குறைந்தது இரண்டாவது. கியர் இல்லாத ஸ்கூட்டரில் பெல்ட், வேரியேட்டர், கிளட்ச் எல்லாம் தனிப் பெட்டிக்குள் உலர்ந்தே ஓடுகின்றன. இன்ஜின் ஆயில் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. உராய்வு குறைந்த ஆயிலை ஊற்றினால் பெட்ரோலில் கொஞ்சம் மிச்சமாகும். ஆக்டிவாவுக்கு ஹோண்டா சொல்வது 10டபிள்யூ-30, எம்.பி. வகை. தங்கள் ஸ்கூட்டருக்கும் எம்.ஏ. வகையைச் சொல்லும் நிறுவனங்களும் உண்டு. அந்த வண்டிக்கு அதுதான் சரி. எதுவானாலும் வண்டியோடு கொடுத்த கையேட்டில் அச்சாகி இருக்கிறது. அதைப் பிரித்துப் பார்ப்பவர்கள்தான் குறைவு.

பிறகு ஏன் பைக் ஆயிலே ஸ்கூட்டருக்குள்ளும் போகிறது? ஒர்க்‌ஷாப்பின் கணக்கு அப்படி. எம்.பி. ஆயிலை பைக்கில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும், வாடிக்கையாளர் மறுநாளே சண்டைக்கு வருவார். எம்.ஏ. ஆயிலை ஸ்கூட்டரில் ஊற்றினால் யாரும் வரமாட்டார்கள். ஒரே டிரம்மை வைத்து எல்லா வண்டியையும் அனுப்ப நினைப்பவர் எதை வாங்கி வைப்பார் என்று சொல்லத் தேவையில்லை. உள்ளதைச் சொல்லிவிட வேண்டும்: இதனால் இன்ஜின் உடைந்துவிடாது. மைலேஜில் சின்ன நஷ்டம், அவ்வளவே. பெரிய ஆபத்து, டிரம்மில் இருப்பது என்னவென்றே தெரியாமல் போவதில் இருக்கிறது. இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான 2டி ஆயிலை பெட்ரோலில் கலந்து ஓட்டிய பழைய வெஸ்பா, சேட்டக் காலத்தில் மட்டமான ஆயிலை ஊரே கண்டுபிடித்துவிடும். பின்னால் வருபவர் மூக்கைப் பொத்திக்கொள்வார். அந்தப் புகைதான் விவகாரத்தை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனது. 1998 டிசம்பர் 31க்குள் டெல்லியில் லூஸ் 2டி ஆயில் விற்பனையை பெட்ரோல் பங்கிலும் ஒர்க்‌ஷாப்பிலும் நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. இன்றைய நாலு ஸ்ட்ரோக்கில் ஆயில் மட்டமானால் தெருவுக்குத் தெரியாது. உள்ளே தேய்ந்துகொண்டே போகும், செலவு சொந்தக்காரர் தலையில் விழும்.

"நம்ம வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் தாங்கும்" என்று 20டபிள்யூ-50ஐ நீட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் 10டபிள்யூ-30 என்பதில் அந்த 30, ஆயிலை 100 டிகிரி செல்சியஸில் வைத்து அளந்த பாகுத்தன்மையின் குறியீடு. கொச்சியில் 33 டிகிரி, ஊட்டியில் 15 டிகிரி என்ற வித்தியாசத்தைவிட இன்ஜினுக்குள் இருக்கும் சூடு பல மடங்கு. அந்தச் சூட்டை வைத்துத்தான் அந்த 30ஐயே கொடுத்திருக்கிறார்கள். டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஆயில் எப்படி நகரும் என்பதற்கானது. கொச்சியில் அது பெரிய விஷயமில்லை என்றாலும், காலையில் முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது மெல்லிய ஆயில் மேலே உள்ள பாகங்களுக்குச் சீக்கிரம் போய்ச் சேரும். தேய்மானத்தில் அந்த முதல் நொடிகளுக்கும் பங்கு உண்டு.

மட்டாஞ்சேரிக்காரர்கள் உண்மையில் பயப்பட வேண்டியது வெயிலுக்கு இல்லை, தண்ணீருக்கு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடும். கொஞ்சம் பிஸ்டனைத் தாண்டி ஆயிலில் இறங்கும். நீண்ட தூரம் ஓடினால் சூட்டில் அதுவும் வெளியேறிவிடும். இங்கே அப்படியா ஓடுகிறது? ஜூ டவுனிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு ஒரு ஓட்டம், லோடு லாரிக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நிற்பது, வைப்பின் ரோ-ரோ படகு வரிசையில் இன்ஜினை அணைப்பது. ஆயில் நன்றாகச் சூடாகும் முன்பே பயணம் முடிந்துவிடுகிறது. இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் காற்றின் ஈரமும் சேர்ந்துகொள்ளும். ஆயில் மூடியின் உட்புறம் மோர் போல வெளுத்த பசை ஒட்டியிருந்தால் காரணம் இதுதான். ஆகவே "இன்னும் 2,000 கிலோமீட்டர்கூட ஓடலையே" என்ற சமாதானம் இந்த ஊரில் செல்லாது. கையேட்டில் கிலோமீட்டரோடு மாதக் கணக்கும் போட்டிருந்தால், எது முந்துகிறதோ அதுவே கணக்கு. குறுகிய ஓட்டத்துக்கு மாதம்தான் முந்தும்.

ஃபுல்லி சிந்தெடிக் ஊற்றிவிட்டால் கவலையில்லையா என்றால், அதிலும் தண்ணீர் இறங்கத்தான் செய்யும். நல்ல ஆயில்தான், ஆனால் விலையைப் பார்த்து மாற்றுவதைத் தள்ளிப்போட்டால் போட்ட காசு வீண். அளவு அதைவிட முக்கியம். ஆக்டிவா போன்ற வண்டிக்கு வடித்துவிட்டு ஊற்ற வேண்டியது முக்கால் லிட்டருக்கும் குறைவு. அதில் 200 மில்லி குறைந்தாலே பெரிய பங்கு போயிற்று. 800 மில்லி பாட்டிலை மிச்சம் வைக்க மனமில்லாமல் முழுக்கக் கவிழ்ப்பதும் தவறு; மிஞ்சிய ஆயிலை கிராங்க் கடைந்து நுரையாக்கும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து இரண்டு மூன்று நிமிடம் விட்டு, ஆயில் அளவுக் குச்சியைத் துடைத்து நுழைத்துப் பார்க்க வேண்டும். ஹோண்டா வண்டிகளில் திருகாமல் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

டிரம் ஆயிலுக்குப் பதில் சீல் உடையாத பாட்டில் என்றால் விலை கூடுமே என்பார்கள். கூடும். அந்த வித்தியாசம் இரண்டு லிட்டர் பெட்ரோல் விலையைத் தாண்டினாலே அதிகம், அதுவும் சில மாதங்களுக்கு ஒருமுறை. இருபது வருட மெக்கானிக்குக்குத் தெரியாததா என்பது அடுத்த கேள்வி. அவர் கைத்திறனில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அதை நிரூபிக்க ரசீதில் ஒரு வரி எழுதினால் போதும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாங்கும் பொருளின் தரம், அளவு, விலையைத் தெரிந்துகொள்ளும் உரிமையை நமக்குக் கொடுத்திருக்கிறது. பில் தராமல் இருப்பதை முறையற்ற வணிகம் என்றே சொல்கிறது. ஆகவே "ஆயில் சேஞ்ச்" என்று கிறுக்கி ஒரு தொகையைப் போட்டால் வாங்கிக்கொண்டு வர வேண்டாம். பிராண்டு, 10டபிள்யூ-30 போன்ற எண், எம்.ஏ.வா எம்.பி.யா, எத்தனை மில்லி என்று எழுதித் தரச் சொல்லுங்கள். காலி பாட்டிலில் போலி ஆயில் அடைத்து விற்கும் கூட்டத்தின் கைக்கு உங்கள் பாட்டில் போகாமல், அங்கேயே ஓட்டை போடச் சொல்லிவிட்டு வண்டியை எடுங்கள்.