‘சர்வர் இல்லை’ என்பது பதிலாகுமா?

மாதத்தின் முதல் வாரம். ரேஷன் கடை வாசலில் பையும் கையுமாக ஜனங்கள் நிற்கிறார்கள். நடவுக்குப் போகவேண்டிய பெண்கள், இரவு ஷிப்டு முடித்துத் தூங்காமல் நேரே வந்த மில் தொழிலாளர்கள், பேரக் குழந்தையை இடுப்பில் தூக்கிய பாட்டிகள். விற்பனையாளர் கைரேகை மிஷினைத் தட்டிப் பார்க்கிறார். மறுபடியும் தட்டுகிறார். பிறகு தலையை நீட்டி, “சர்வர் இல்லை, நாளைக்கு வாங்க” என்கிறார்.

நாளைக்கு வருவதென்றால் இன்னொரு நாள் கூலி போயிற்று என்று அர்த்தம். பத்துக் கிலோ அரிசிக்காக இரண்டு நாள் கூலியை இழக்கிறவனுக்கு, அது இலவச அரிசியா?

ஜனங்களின் ஆத்திரம் விற்பனையாளர்மீது பாய்கிறது. அவரும் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்தான். மிஷின் பதில் பேசாவிட்டால் அவர் என்ன செய்வார்? அப்படியானால் யார் பொறுப்பு? மழை பெய்யவில்லை, புயல் வீசியது என்பதுபோல் ‘சர்வர் இல்லை’ என்பதையும் தெய்வச் செயலாக எடுத்துக்கொள்ள வேண்டுமா? இல்லை என்கிறோம் நாம். இது கணக்குப் போட்டுப் பார்க்கக்கூடிய விஷயம். அந்தக் கணக்கை நாமும் போடலாம்.

கேட்கும் மிஷினும் பதில் சொல்லும் மிஷினும்

கடையிலுள்ள சின்ன மிஷின் கேள்வி கேட்கிறது. “இந்த அட்டை சரியா? இந்த விரல் இந்த ஆளுடையதா? இவருக்கு எவ்வளவு பாக்கி?” எங்கோ தூரத்திலுள்ள பெரிய கம்ப்யூட்டர் பதில் சொல்கிறது. அந்தப் பெரிய கம்ப்யூட்டரைத்தான் சர்வர் என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே செல்போன் டவரும் கம்பியும் கொண்ட பாதை இருக்கிறது, அதுதான் நெட்வொர்க். பாங்கு, ரயில்வே, கம்பெனி ஆபீஸ் எல்லாம் இன்று இந்த ஏற்பாட்டில்தான் நடக்கின்றன. இப்படி ஒன்றை அமைக்கும்போது, ஒரே சமயத்தில் எத்தனை கேள்வி வரும், பாதை தாங்குமா, சர்வர் தாங்குமா என்று முன்கூட்டியே மதிப்பிட வேண்டும். இது எஞ்சினியரின் முதல் கடமை.

சராசரி என்ற மோசம்

தமிழ்நாட்டில் 2 கோடிக்கு மேல் ரேஷன் அட்டைகளும் 30 ஆயிரத்துக்கு மேல் ரேஷன் கடைகளும் உள்ளன. கணக்குக்காக 2 கோடி, 30 ஆயிரம் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு அட்டைக்கு மாதம் ஒரு பில்.

மாதம் முழுவதும், இரவு பகல் எல்லா நேரத்துக்கும் பங்கிட்டால் நொடிக்கு 8 பில் வரும். இது காகிதச் சராசரி. கடை இரவில் திறந்திருக்குமா? மாதம் 25 நாள், நாளைக்கு 8 மணி நேரம் என்று வைத்தால் நொடிக்கு 28 பில். இதுவும் போதாது. மாத முதல் வாரத்தில், காலை பத்து மணிக்கு, எல்லாக் கடையிலும் கூட்டம் நிற்கிறது. ஒவ்வொரு கடையும் 3 நிமிஷத்துக்கு ஒரு பில் போட்டால், நிமிஷத்துக்கு 10,000 பில், அதாவது நொடிக்கு 167!

ஜனங்களும் அவர்கள்தான், அரிசியும் அதுதான். ஆனால் 8 என்பதற்கும் 167 என்பதற்கும் இருபது மடங்கு வித்தியாசம்! முதல் கணக்கை நம்பி சர்வர் வாங்கியவன் மாதத்தில் இருபது நாள் நிம்மதியாகத் தூங்குவான். ஜனங்கள் வரும் பத்து நாளும் ‘சர்வர் இல்லை.’

மில் கேட்டை எப்படிக் கட்டுகிறார்கள்? ஷிப்டு மாறும் பத்து நிமிஷத்தில் வரும் கூட்டத்தைப் பார்த்தா, 24 மணி நேரச் சராசரியைப் பார்த்தா? ஏரிக்குக் கலங்கல் வைத்த நம் முன்னோர் ஐப்பசி கார்த்திகை அடைமழையைக் கணக்கிட்டு வைத்தார்கள். வருஷச் சராசரியை நம்பியிருந்தால் கரை என்றோ உடைந்திருக்கும்.

குழாய் சின்னதா?

“கிராமத்தில் நெட் போதவில்லை” என்று அதிகாரிகள் சொல்வார்கள். அதையும் பார்ப்போம். ஒரு பில்லுக்கு மிஷின் நான்கு முறை கேட்டுப் பதில் வாங்குகிறது, ஒவ்வொரு முறையும் 10 கிலோபைட் போய்வருகிறது என்று வைத்துக்கொண்டால், பில் ஒன்றுக்கு 40 கிலோபைட். நொடிக்கு 167 பில் என்றால் சுமார் 6,700 கிலோபைட். இன்று கோவையில் ஒரு வீட்டுக்கு எடுக்கும் 100 மெகாபிட் இணைப்பு நொடிக்கு 12,500 கிலோபைட் சுமக்கும். ஆக, இந்தக் கணக்குப்படி மாநிலத்தின் எல்லா ரேஷன் பில்லும் ஒரு வீட்டுக் குழாயில் ஏறக்குறைய பாதியில் அடங்கிவிடும்! தலைமையிடத்துக்குப் போகும் குழாயின் அகலத்தைச் சாக்குச் சொல்ல இடமில்லை.

கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. டவர் பலவீனமான ஊரில் நொடிக்கு 5 கிலோபைட் போனால், அந்த 40 கிலோபைட்டுக்கே 8 நொடி ஆகும். நான்கு முறை போய்வரும் தாமதம் தனி. அந்தக் கேள்வி மாநில சர்வரோடு நிற்காமல் ஆதார் சர்வர்வரை போய்த் திரும்ப வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் அரிசி கிடையாது. ஆகவே குழாயின் அகலத்தை மட்டும் அளந்தால் போதாது. எத்தனை முறை போய்வருகிறது, வழியில் எத்தனை இடத்தில் நிற்கிறது என்பதையும் எண்ண வேண்டும்.

வரிசையின் கணக்கும் உண்டு. கேள்விகள் முன்பின் இல்லாமல் வந்து சேரும் ஒரே வரிசையில், எளிய கணக்குப்படி, சர்வர் தன் சக்தியில் பாதிக்கு உழைத்தால் 1 நொடி வேலைக்கு 2 நொடி பிடிக்கும். 90 சதவீதத்துக்கு உழைத்தால் 10 நொடி. 95 சதவீதமானால் 20 நொடி. கடைசி ஐந்து சதவீதத்தில் காத்திருப்பு இரட்டிக்கிறது! அந்த நேரத்தில் பொறுமையிழந்த விற்பனையாளர் பொத்தானை மறுபடி அமுக்குகிறார். அது புதுக் கேள்வியாகப் போய் வரிசையில் சேருகிறது. ஆயிரம் கடையில் ஆயிரம் பேர் அமுக்கினால் சர்வர் படுத்துவிடுகிறது.

சர்க்காருக்குத் தெரியாதா?

இது புதுச் சரக்கல்ல. டென்மார்க்கில் கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் வேலை பார்த்த ஏ. கே. எர்லாங் என்ற கணித அறிஞர் தொலைபேசி அழைப்புகளின் நெரிசலைப் பற்றி 1909-லேயே எழுதினார். எத்தனை அழைப்புக்கு எத்தனை லைன் தேவை என்ற சூத்திரத்தை 1917-ல் தந்தார். தொலைபேசிப் போக்குவரத்தை அளக்கும் அலகுக்கே இன்று எர்லாங் என்று பெயர். நெருக்கடியான மணி நேரத்தைக் கணக்கில் கொள் என்பது அந்தத் தொழிலின் பால பாடம்.

நமது சர்க்காரும் அறியும். ரயில்வேயின் தட்கல் டிக்கெட்டுக்கு ஒரே நேரத்தில் கூட்டம் மொய்த்தபோது, 2015 ஜூனில் ஏ.சி. வகுப்புக்கு காலை 10 மணி, மற்றதற்கு 11 மணி என்று நேரத்தைப் பிரித்தார்கள். டிக்கெட் விஷயத்தில் தெரிந்த கணக்கு அரிசி விஷயத்தில் மறந்துபோகிறதா? மறக்கவில்லை. ஷேர் மார்க்கெட் ஒரு மணி நேரம் நின்றால் நஷ்டம் முதலாளிக்கு. உடனே நாடெங்கும் கூக்குரல் எழுகிறது. ரேஷன் சர்வர் நாள் முழுக்க நின்றாலும் நஷ்டம் கூலிக்காரனுக்கு; அந்த நஷ்டம் எந்தப் புத்தகத்திலும் பற்று எழுதப்படுவதில்லை. சர்வர் செலவில் மிச்சம் பிடித்த பணம் நமது கூலியிலிருந்து பிடித்த பணம்தான்.

வயல்காட்டிலும் இதே கதை. நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல் நாளைக்கு இரண்டு முறை செல்போனில் படம் எடுத்து வருகை பதிவது கட்டாயமாக்கப்பட்டது. படம் ஒன்று 500 கிலோபைட் என்று வைத்தாலும், ரேஷன் பில்லைப்போல் பன்னிரண்டு மடங்கு சுமை. அதே பலவீனமான டவரில் அது ஏற 100 நொடி ஆகும். நாடெங்கும் எல்லா வேலைத்தலமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அனுப்புகின்றன. படம் ஏறாவிட்டால், வெயிலில் மண் வெட்டிய பெண்ணின் உழைப்பு பதிவில் இல்லை! 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வேறு சட்டம் நிறைவேற்றியது. சட்டத்தின் பெயர் எதுவானாலும், சிக்னலைப் பார்த்துக் கூலி தருவதை நாம் ஏற்க முடியாது.

நாம் கோருவது என்ன?

நாம் மிஷினுக்கு விரோதிகளல்ல. எடைக்கல்லில் கள்ளம், போலி அட்டை, கடத்தல் எல்லாவற்றையும் எதிர்த்துப் போராடியவர்கள் நாம். மிஷின் ஜனங்களுக்காக ஓடட்டும் என்கிறோம்.

ஒன்று: சர்வர் எத்தனை பில்லைத் தாங்கும் என்பதை மாத முதல் வார நெருக்கடியை வைத்துச் சோதித்து, முடிவைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும்.

இரண்டு: மிஷின் நின்றால் அரை மணிக்குள் கைப்பதிவில் எழுதிப் பொருள் தரவேண்டும். கைரேகையோ நெட்வொர்க்கோ தோற்றதற்காக யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்று மத்திய உணவுத் துறை 2017 அக்டோபரிலேயே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. அதைக் கடைவாசலில் அச்சிட்டு ஒட்டட்டும்.

மூன்று: கூட்டத்தைப் பிரிக்கக் கடை நேரத்தை நீட்ட வேண்டும். ஷிப்டுத் தொழிலாளிக்கு மாலையிலும் கடை வேண்டும். நீட்டிய நேரத்துக்கு விற்பனையாளருக்குக் கூடுதல் ஊதியமும் வேண்டும்.

நான்கு: வேலைத்தலத்தில் படம் ஏறாத நாளில் மஸ்டர் ரோல் கையெழுத்தே சாட்சியாக வேண்டும்.

தோழர்களே! இந்த மாதமே ஒரு காரியம் செய்வோம். ஒவ்வொரு கிளையும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கட்டும். தம் ஊர்க் கடையில் என்று, எத்தனை மணிக்கு மிஷின் நின்றது, எத்தனை பேர் திரும்பினார்கள், எவ்வளவு கூலி போயிற்று என்று எழுதட்டும். விற்பனையாளரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்து ஊர் நோட்டுகளைத் தாலுகா ஆபீஸ் மேஜைமீது வைத்து மகஜர் கொடுப்போம். அவர்கள் போடாத கணக்கை நாம் போட்டுக் காட்டிய பிறகு, ‘சர்வர் இல்லை’ என்று எந்த அதிகாரி சொல்கிறார் பார்ப்போம்!