501-வது யூனிட்டின் விலை

தமிழ்நாட்டில் ஒரு வீடு இரண்டு மாதத்தில் 500 யூனிட் மின்சாரம் செலவழித்தால் கட்டணம் 1,805 ரூபாய். 501 யூனிட் ஆகிவிட்டால் 2,048 ரூபாய் 40 காசு. கடைசியாக ஓடிய அந்த ஒரு யூனிட்டுக்கு மட்டும் 243 ரூபாய் 40 காசு. 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி இதுதான் கணக்கு. மீட்டர் பழுதும் இல்லை, ரீடிங் எடுக்க வந்தவர் எண்ணைத் தப்பாகப் பார்க்கவும் இல்லை. கட்டண அட்டவணையே அப்படித்தான் அமைந்திருக்கிறது.

மாநிலத்தில் இரண்டு கோடிக்கும் மேல் வீட்டு இணைப்புகள் இருக்கின்றன. அந்த வீடுகளில் எத்தனை பேருக்கு இந்த அட்டவணை தெரியும்? கரண்ட் பில் எகிறியதும் பழி முதலில் ஏ.சி.மேல் விழும், பிறகு மீட்டர்மேல், கடைசியில் ரீடிங் எடுத்தவர்மேல். தொகை எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் பதில் சொல்லும் தாள் வீட்டில் இல்லை.

காரணம், பழைய மின்வாரியம் வீட்டுக்காரருக்குப் பில் என்று ஒன்றைக் கையில் கொடுத்துப் பழகவில்லை. வெள்ளை அட்டையில் தேதி, ரீடிங், யூனிட், ரூபாய் என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போவார்கள். வாரியம் 2010-ல் பிரிக்கப்பட்டது. 2024-ல் மறுபடியும் பிரிக்கப்பட்டு, விநியோகம் பார்க்கும் நிறுவனத்துக்குத் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் என்று பெயர் வந்தது. அட்டையின் இடத்தைச் செல்பேசிக் குறுஞ்செய்தி பிடித்துக்கொண்டது. எவ்வளவு, எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும் என்பது அதில் வரும். ஏன் அவ்வளவு என்பது வராது. இந்த 'ஏன்' தெரிவது ஒவ்வொரு வீட்டின் உரிமை என்பதுதான் இங்கே சொல்ல வருவது.

முதலில் யூனிட். ஆயிரம் வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 2,000 வாட் கீசர் கால் மணி நேரத்தில் அரை யூனிட் தின்னும். 75 வாட் மின்விசிறி 13 மணி நேரம் சுற்றினால்தான் ஒரு யூனிட் ஆகும். டிஜிட்டல் மீட்டரில் எண்கள் மாறி மாறி ஓடும்; கே.டபிள்யூ.எச். என்ற எழுத்தோடு வருவதுதான் யூனிட். இன்றைய எண்ணிலிருந்து போன முறை குறித்த எண்ணைக் கழித்தால் இதுவரை ஓடியது தெரிந்துவிடும்.

அடுத்தது ஸ்லாப் எனப்படும் அடுக்கு. குழப்பம் முழுக்க இங்கேதான். 500-ஐத் தாண்டினால் மொத்த யூனிட்டுக்கும் 8 ரூபாய் 40 காசு போட்டுவிடுவார்கள் என்று நம்புகிறவர்கள் நிறைய. அது சரியில்லை. ஒவ்வொரு அடுக்குக்கும் அதற்குரிய விலைதான். முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம். 2016 மே மாதம் ஜெயலலிதா மீண்டும் முதல்வராகப் பதவியேற்ற அன்று பிறப்பித்த உத்தரவு அது. 101 முதல் 200 வரை 2 ரூபாய் 35 காசு, 201 முதல் 400 வரை 4 ரூபாய் 70 காசு, 401 முதல் 500 வரை 6 ரூபாய் 30 காசு. அதற்கு மேல் 8.40, 9.45, 10.50 என்று ஏறி, ஆயிரத்தைத் தாண்டினால் 11.55.

அப்படியானால் 501-ல் மட்டும் ஏன் குண்டு வெடிக்கிறது? இரண்டாவது நூறு யூனிட்டுக்கான 2.35 என்ற பாதி விலை, மொத்தப் பயன்பாடு 500-க்குள் இருப்பவர்களுக்கு மட்டுமே. ஒரு யூனிட் கூடினாலும் அந்த நூறுக்கும் 4.70 ஆகிவிடும். சலுகையில் 235 ரூபாய் போகிறது, புதிய யூனிட்டுக்கு 8.40 சேர்கிறது. இரண்டும் சேர்ந்ததுதான் அந்த 243.40.

இந்தச் செங்குத்தான படியோடு 'கணக்கெடுப்புக் காலம்' சேரும்போது சிக்கல் முற்றுகிறது. ஒரு நாளைக்கு 8 யூனிட் செலவழிக்கும் வீட்டை எடுத்துக்கொள்வோம். 60-வது நாள் ரீடிங் எடுத்தால் 480 யூனிட், கட்டணம் 1,679 ரூபாய். நான்கு நாள் தள்ளிப்போனால் 512 யூனிட். வரம்பை நாள் கணக்குக்கு ஏற்ப நீட்டிக் கொடுக்காவிட்டால் கட்டணம் 2,140 ரூபாய் 80 காசு. அடுத்த முறை 56 நாளில் ரீடிங் எடுக்கப்பட்டால் 448 யூனிட்டுக்கு 1,477 ரூபாய் 40 காசு வரும். அதனால் கொஞ்சம் ஈடாகும். ஆனாலும் இரண்டு முறையையும் கூட்டிப் பார்த்தால் வீட்டுக்காரருக்கு 260 ரூபாய் 20 காசு நஷ்டம். அவர் ஒரு விளக்கைக்கூடக் கூடுதலாக எரிக்கவில்லை.

இதற்கு மருந்தாகத்தான் மாதாமாதம் ரீடிங் வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. 2021 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. அதை வாக்குறுதியாகவே தந்தது. ஸ்மார்ட் மீட்டர் வந்தால் நடக்கும் என்பது பின்னர் வந்த பதில். ஆனால் மாதக் கணக்கு என்றாலே செலவு குறையும் என்று எண்ணுவது அவசரம். இப்போதுள்ள வரம்புகளைப் பாதியாக்கி மாதத்துக்கு 250 யூனிட் என்று வைத்தால் என்ன ஆகும்? ஒரு மாதம் 200, வெயில் ஏறிய மறுமாதம் 300 என்று செலவழிக்கும் வீடு இப்போது இரண்டுக்கும் சேர்த்து 1,805 ரூபாய் கட்டுகிறது. பாதியாக்கிய வரம்பில் முதல் மாதம் 587.50, அடுத்த மாதம் 1,440, ஆக 2,027 ரூபாய் 50 காசு. குறைவதற்குப் பதில் 222 ரூபாய் 50 காசு கூடுகிறது. ஒரு மாதத்தின் சிக்கனம் மறுமாதத்தின் செலவைத் தாங்கிப் பிடிப்பது இரண்டு மாதக் கணக்கில் உள்ள நன்மை. மாதக் கணக்கு கேட்பவர்கள் எந்த வரம்போடு என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். வாக்குறுதி தருகிறவர்களும் அதைச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

'டோர் லாக்' என்ற குறிப்பைப் பார்த்தவர்கள் உண்டு. வீடு பூட்டியிருந்ததால் ரீடிங் எடுக்கவில்லை, தற்காலிகமாக ஒரு தொகை போடப்பட்டிருக்கிறது என்று பொருள். 2020 ஊரடங்கில் மாநிலம் முழுவதுமே இந்த நிலைக்குப் போனது. முந்தைய பில் தொகையையே கட்டச் சொன்னார்கள். பின்னர் நான்கு மாத யூனிட்டை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பாதிக்கும் தனியாக ஸ்லாப் போட்டு, ஏற்கெனவே கட்டிய ரூபாயைக் கழித்தார்கள். கழிக்க வேண்டியது ரூபாயையா, அதற்குரிய யூனிட்டையா என்று வழக்கு நடந்தது. சென்னை உயர் நீதிமன்றம் வாரியத்தின் முறையை ஏற்று 2020 ஜூலையில் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அதே ஆண்டு டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகளில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. ஒரு நிதியாண்டில் இரண்டு தற்காலிக பில்களுக்கு மேல் போடக் கூடாது. அசாதாரண சூழ்நிலை இல்லாமல் அதற்குமேலும் தொடர்ந்தால், உண்மையான ரீடிங்படி பில் வரும்வரை நுகர்வோர் பணம் கட்ட மறுக்கலாம். இது தெரிந்த வீடு எத்தனை?

இணைப்பின் வகையும் ஒரு வார்த்தைதான். அது மாறினால் தொகையே மாறிவிடும். வீட்டு இணைப்பு 1-ஏ. அடுக்குமாடிகளில் படிக்கட்டு விளக்கு, தண்ணீர் மோட்டார், லிஃப்ட் ஆகியவற்றுக்கான பொது இணைப்பு 1-டி. 2022 செப்டம்பரில் ஒழுங்குமுறை ஆணையம் இந்தத் தனி வகையை உருவாக்கி யூனிட்டுக்கு 8 ரூபாய் விதித்தது. கிலோவாட் கணக்கில் நிலைக்கட்டணமும் சேர்ந்தது. ஆறேழு வீடு உள்ள சின்னக் குடியிருப்புகளும் இதில் மாட்டிக்கொண்டன. எதிர்ப்புக் கிளம்பிய பிறகு, 2023 அக்டோபரில், பத்து வீடுகளுக்கு மேற்படாத, மூன்று மாடிக்கு மேற்படாத, லிஃப்ட் இல்லாத குடியிருப்புகளுக்கு 5 ரூபாய் 50 காசாகக் குறைக்க அரசு முடிவு செய்தது. பொது இணைப்புப் பணத்தைப் பங்கு போடும் சங்கங்கள் தங்கள் குடியிருப்பு எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

நிலைக்கட்டணம் என்ற பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிட வேண்டும். பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் கட்ட வேண்டிய தொகை அது. தமிழ்நாட்டு வீட்டு இணைப்புகளுக்கு 2022-ல் அது நீக்கப்பட்டது. கர்நாடகத்தில் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் மாதாமாதம் உண்டு. பெங்களூருக்குக் குடிபோகிறவர்கள் யூனிட் விலையை மட்டும் ஒப்பிட்டுப் பேசினால் கணக்கு உதைக்கும்.

டெபாசிட் இன்னொரு மறந்துபோன வரி. இணைப்பு வாங்கும்போது கட்டிய காப்புத் தொகை சும்மா கிடக்கும் பணமில்லை. 2003 மின்சாரச் சட்டத்தின் 47-வது பிரிவுப்படி அதற்கு வங்கி விகிதத்துக்குக் குறையாத வட்டி தரப்பட வேண்டும். அந்த வட்டி பில்லில் கழிக்கப்பட்டதா என்று ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பதில் தவறில்லை.

இந்த அட்டவணையின் நன்மை கொஞ்சமும் எட்டாதவர்கள் வாடகை வீட்டுக்காரர்கள். ஒரே இணைப்பில் பல குடித்தனங்களை வைத்து, சப் மீட்டர் போட்டு, யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று ஒரே விலையில் வாங்கும் வழக்கம் ஊருக்கு ஊர் இருக்கிறது. இரண்டு மாதத்தில் 200 யூனிட் செலவழிக்கும் குடும்பம் தனி இணைப்பு இருந்தால் 235 ரூபாய் கட்டும்; எட்டு ரூபாய் கணக்கில் 1,600 ரூபாய். ஏழைக்கென்று அரசு தரும் மானியம் வீட்டு உரிமையாளரின் இணைப்போடு நின்றுவிடுகிறது.

மானியம் எவ்வளவு என்பதும் திரைக்குப் பின்னால்தான். 2023-ல் 2.18 சதவீதமும் 2025-ல் 3.16 சதவீதமும் மின்கட்டணம் உயர்ந்தது. இரண்டு முறையும் வீட்டு இணைப்புகளுக்கான உயர்வை அரசே ஏற்றுக்கொண்டது. ஆணையம் நிர்ணயித்த விலை ஒன்று, வீடு கட்டும் விலை இன்னொன்று. அது மக்கள் வரிப்பணம். ஒவ்வொரு பில்லிலும் அந்தத் தொகையைக் காட்டினால், சலுகை பெறுகிறவருக்கும் தெரியும், விமர்சிக்கிறவருக்கும் தெரியும்.

நாளை சொற்கள் இன்னும் கூடும். 2023-ல் திருத்தப்பட்ட மத்திய விதிகள், விவசாயம் தவிர்த்த மற்ற இணைப்புகளுக்கு நேரவாரிக் கட்டணத்தைக் கொண்டுவரச் சொல்கின்றன: வெயில் காயும் நேரத்தில் குறைந்தது 20 சதவீதம் மலிவு, உச்ச நேரத்தில் கூடுதல். ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய பிறகே அது வரும். ஏற்கெனவே உள்ள அடுக்கே புரியாத வீட்டில் நேரமும் ஓர் அடுக்காகச் சேர்ந்தால் குழப்பம் இரட்டிப்பாகும்.

ஆகவே இரண்டு மாற்றங்கள் தேவை. ஒன்று, 500-ன் செங்குத்துப் படியைச் சரிவாக்குவது. இரண்டாவது நூறின் சலுகையை 501-ல் ஒரே வெட்டாக வெட்டாமல், 500-க்கும் 600-க்கும் இடையே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். அரசுக்குச் சிறிது வருவாய் குறையும், உண்மைதான். ஆனால் அந்த வருவாயில் ஒரு பங்கு ரீடிங் தேதி முன்பின்னாவதால் மட்டுமே வருகிறது; அதை நியாயமான வருவாய் என்று யாரும் வாதாட முடியாது. இரண்டு, குறுஞ்செய்தியில் நான்கு வரி கூட்டுவது. இத்தனை நாளுக்கான கணக்கு, இத்தனை யூனிட், ஒவ்வொரு அடுக்கிலும் இவ்வளவு ரூபாய், அரசு மானியம் இவ்வளவு. எல்லாமே கணினியில் ஏற்கெனவே இருக்கிற எண்கள். 45-வது நாளில் மீட்டரைப் பார்க்கச் சொல்லி ஒரு நினைவூட்டலும் அனுப்பலாம்.

2022 கட்டண உயர்வுக்கு முன்பு ஆணையம் கோவை, மதுரை, சென்னை ஆகிய மூன்று ஊர்களில் மக்கள் கருத்தைக் கேட்டது. பேச வந்தவர்களில் பலர் தொழில் அமைப்பினர். அடுத்த கூட்டம் அறிவிக்கப்படும்போது குடியிருப்போர் சங்கங்களும் நுகர்வோர் அமைப்புகளும் இந்த இரண்டு கோரிக்கைகளையும் எழுத்தில் கொண்டுபோய்ப் பதிவு செய்ய வேண்டும். அதுவரை, பில்லில் சந்தேகம் உள்ளவர்கள் 94987 94987 என்ற மின்னகம் எண்ணில் கேட்கலாம். பதில் திருப்தியில்லை என்றால் மின் பகிர்மான வட்டத்தில் உள்ள நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்கும், அதற்கு மேல் மின்சாரக் குறைதீர்ப்பாளரிடமும் போகலாம். புகாரில் முந்தைய ரீடிங் தேதி, இந்த ரீடிங் தேதி, இரண்டு எண்கள் ஆகியவற்றைக் குறித்துக் கொடுத்தால், மன்றம் முதலில் கேட்கப்போகும் கேள்விகளுக்குப் பதில் அதிலேயே இருக்கும்.