கொடம்புளியும் கொழுப்பும்

உடல் கொழுப்பைக் கரைக்கும் என்று கூறி, கொடம்புளிச் சத்து அடங்கிய மாத்திரைகள் விற்கப்படுகின்றன. விளம்பரத்தை நம்பி, மாட்டுத்தாவணிச் சந்தையைச் சார்ந்துள்ள சமவெளி விவசாயிகள் இம்மரத்தை நட முற்படுமுன் சில உண்மைகளை அறிதல் நலம்.

இக்கனியின் தோலில் ஹைட்ராக்ஸி சிட்ரிக் அமிலம் உள்ளது. மாவுச்சத்து கொழுப்பாக மாறத் துணைபுரியும் ஒரு நொதியை இது தடுக்கிறது. எலிகளில் பலன் தெரிந்தது மெய்யே. ஆனால் 1998இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், 135 பேர் 12 வாரம் சோதிக்கப்பட்டனர். தினமும் 1,500 மில்லிகிராம் அமிலம் உண்டவர்கள், வெற்று மாத்திரை உண்டவர்களைவிடக் கூடுதலாக இளைக்கவில்லை. இவ்வகை மாத்திரை உண்டவர் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியுள்ளது.

மேலும், இது மழை மிகுந்த மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியின் மரம். மதுரையின் வறண்ட நிலத்திற்கு ஏற்றதன்று. விதைக்கன்று காய்க்கப் பத்தாண்டு ஆகும். அவற்றுள் ஏறத்தாழப் பாதி காய்க்காத ஆண் மரங்களாகிவிடும்.

கன்னியாகுமரி மாவட்ட விவசாயிகள் ஒட்டுக்கன்று நட்டு, தோலை உலர்த்தி மீன் குழம்புக்கு விற்கலாம். அந்தத் தேவை விளம்பரத்தால் வந்ததன்று. மதுரைச் சமவெளிக்கோ, பெரியகுளம் 1 புளி ஒட்டுக்கன்றே ஏற்றது. சில ஆண்டு விளம்பரத்தை நம்பி, பல்லாண்டு நிற்கும் மரத்தை நடுதல் கூடாது.