‘அப்படி ஒரு பெயர் இல்லை’

கடந்த மாதம் எங்கள் துறையில் நடந்த ஓர் ஆய்வுக்குழுக் கூட்டத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று எண்ணிக்கொண்டே இருந்தேன். இளைய ஆய்வாளர் ஒருவர் கோலாமி மொழியின் சொற்களைத் திரட்டிவருகிறார். ஆதிலாபாத் பகுதியில் தாம் ஒலிப்பதிவு செய்த சொற்களை ஒரு சிறு இணையதளத்தில் ஏற்றியிருந்தார். தளத்தின் பெயரைப் பதிவு செய்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. கூட்ட அறையின் கணினியில் அதைத் திறந்தபோது, ‘உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்ல’ என்ற சிவப்பு எச்சரிக்கை திரை முழுவதும் விரிந்தது. வெளியிலிருந்து வந்திருந்த உறுப்பினர், “வைரஸ் உள்ள தளமா?” என்று கேட்டார். அவர் இயல்பாகத்தான் கேட்டார். எனினும் அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிப்போனது. அடுத்த பத்து நிமிடம் கோலாமியின் வினைமுற்றுகளைப் பற்றிப் பேச வேண்டியவர், தம் தளம் தீங்கற்றது என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

தளத்தில் கோளாறு எதுவும் இல்லை. கைப்பேசித் தரவில் அது உடனே திறந்தது. பல்கலைக்கழக வலையமைப்பின் ஃபயர்வாலில் உள்ள டிஎன்எஸ் வடிகட்டிதான் அதைத் தடுத்திருந்தது. பொறியாளர் அல்லாத நண்பர்களுக்காக ஒரு சிறு விளக்கம். நாம் ஒரு தளத்தின் பெயரைத் தட்டச்சு செய்ததும், அப்பெயருக்குரிய எண்முகவரி யாது என்று நம் கணினி வேறொரு கணினியிடம் கேட்கிறது. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த டிஎன்எஸ் என்னும் முறை இந்த வினாவிடைக்காகவே ஏற்பட்டது. வடிகட்டி அந்த வினாவை இடைமறிக்கிறது. பெயர் தடைப்பட்டியலில் இருந்தால் உண்மையான முகவரியைத் தராமல் வேறு ஏதோ ஒன்றை விடையாகத் தருகிறது.

அந்த ‘வேறு ஏதோ ஒன்று’ எது என்பதுதான் மொழியியல் படித்தவளான என்னை இதில் இழுத்துவிட்டது. சில வடிகட்டிகள், ‘அப்படி ஒரு பெயரே இல்லை’ என்று பதிலளிக்கின்றன. சில எதுவும் பேசாமல் இருந்துவிடுகின்றன. வேறு சில, தடுப்பு அறிவிப்பு வைத்திருக்கும் தம் சொந்தப் பக்கத்தின் முகவரியைத் தளத்தின் முகவரி போலவே தருகின்றன. எங்கள் வடிகட்டி இம்மூன்றாம் வகை. ஆனால் இன்றைய தளங்கள் பெரும்பாலும் மறையாக்கம் பெற்றவை; கேட்ட பெயருக்கும் வந்த சான்றிதழுக்கும் பொருத்தம் இல்லை என்று கண்டவுடன் உலாவி அபாய மணி அடிக்கிறது. ‘நாங்கள் தடுத்திருக்கிறோம்’ என்ற அறிவிப்பு யார் கண்ணிலும் படுவதில்லை. அந்தத் தளமே ஆபத்தானது என்ற எண்ணம் மட்டும் எஞ்சுகிறது.

ஜே. எல். ஆஸ்டின் காட்டிய வழியில் மொழிச்செயலாக இதைப் பார்க்கலாம். மறுத்தல் ஒரு செயல். அதற்கு ஒரு செய்பவர் உண்டு. ‘தரமாட்டேன்’ என்பவரிடம் ‘ஏன்?’ என்று கேட்க இயலும். ‘இல்லை’ என்பது கூற்று. அதை நம்பலாம் அல்லது ஐயுறலாம். ஆனால் கூறியவரிடம் முறையிட இடமில்லை. நியாயவிலைக் கடையில் மூட்டை உள்ளே இருக்க, ‘சரக்கு இல்லை’ என்று சொல்லி அனுப்பியதை நம்மில் பலர் கண்டிருப்போம். மறுப்பைக் கூற்றாக வேடமிட்டுத் தருவதன் பயன் அதுதான்: கேட்பவர் திரும்பிப் போய்விடுவார்.

இத்தனைக்கும் டிஎன்எஸ் மொழியில் மறுப்புக்குச் சொல் இல்லாமல் இல்லை. 1987ஆம் ஆண்டின் வரையறையிலேயே ‘கொள்கை காரணமாக மறுக்கிறேன்’ என்ற பொருளில் ஒரு விடைக்குறி இருக்கிறது. வடிகட்டிகள் அதைத் தவிர்ப்பதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு: மறுப்பு என்று தெரிந்தால் கணினி வேறொரு வழங்கியிடம் கேட்கப் போய்விடும். அதனால் 2020இல் வந்த ஆர்எஃப்சி 8914 என்னும் வரையறை இன்னொரு வழியைத் தந்தது. வழக்கமான விடையோடு காரணக்குறிப்பு ஒன்றையும் இணைக்கலாம். அதிலுள்ள நான்கு குறிகள் அகராதி ஆர்வலர்களுக்கு விருந்து. வலையமைப்பை நடத்துபவர் தம் பாதுகாப்புக் கொள்கையின்படி தாமே தடுத்தால் 15. வெளியிலிருந்து வந்த கட்டாயத்தால் தடுத்தால் 16. பயனரே கேட்டுக்கொண்டதால் வடிகட்டினால் 17. கேட்டவருக்கு அந்தச் சேவையைப் பெற உரிமை இல்லையென்றால் 18. தடுத்தவர் யார், யார் சொல்லித் தடுத்தார் என்ற வேறுபாட்டைப் பொறியாளர்கள் இத்தனை நுட்பமாகப் பிரித்திருக்கிறார்கள். உலாவிகள் இக்குறிப்பைப் பெரும்பாலும் வாசகருக்குக் காட்டுவதில்லை என்பது வேறு வருத்தம்.

இனித் தானியக்கத்துக்கு வருகிறேன். முன்பெல்லாம் கணினி மையத்தின் பொறியாளர் விடுதிக்கு ஒன்று, நூலகத்துக்கு ஒன்று என்று ஒவ்வொரு கருவிக்குள்ளும் தனித்தனியே நுழைந்து தடைகளை அமைத்தார். இப்போது எல்லாம் ஒரே கோப்பில். ஒரு நிரல் மணிக்கொரு முறை வெளிநிறுவனத்தின் பட்டியலைப் பெற்று, எல்லாக் கருவிகளிலும் சில நிமிடங்களில் ஏற்றிவிடுகிறது. ‘புதிதாகப் பதிவானவை’, ‘வகைப்படுத்தப்படாதவை’ ஆகிய இரு வகைகளும் முழுமையாகத் தடை. கோலாமித் தளம் முதல் வகையில் சிக்கியது. அதிலிருந்து வயது கூடி வெளியே வந்தாலும் இரண்டாம் வகை காத்திருக்கிறது. வகைப்படுத்தும் நிரல்கள் மக்கள் அதிகம் செல்லும் தளங்களை விரைவில் எட்டும். நாளுக்கு நான்கு பேர் பார்க்கும் தளம், அதுவும் அந்த நிரலுக்குப் பழக்கமற்ற மொழியில் இருந்தால், பெயரிடப்படாத கூடையிலேயே கிடக்கும். சிறுமொழிகளில் ஆய்வு செய்வோர் உருவாக்கும் தளங்கள் அனைத்துக்கும் ஏறக்குறைய இதே சாதகம்தான்!

தானியக்கமே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. 2008இல் தோன்றிய கான்ஃபிக்கர் என்னும் தீநிரலின் பிந்தைய வடிவம் ஒன்று நாளொன்றுக்கு 50,000 டொமைன் பெயர்களைத் தானே உருவாக்கியது. அவற்றைக் கையால் தட்டச்சு செய்து தடுக்க எந்தப் பொறியாளராலும் ஆகாது. மோசடிக்காரர்கள் நேற்றுப் பதிவு செய்த பெயரை இன்று பயன்படுத்தி நாளை கைவிடுகிறார்கள் என்பதும் உண்மை. சென்ற ஆண்டு ‘உதவித்தொகை வந்திருக்கிறது’ என்ற போலி மின்னஞ்சலில் எங்கள் விடுதியிலேயே இருவர் பணம் இழந்தார்கள். கணினி மையத்தாரின் அச்சம் கற்பனை அன்று.

ஆனால் கையால் செய்த காலத்தில் ஒவ்வொரு தடைக்கும் அதை நினைவில் வைத்திருக்கும் ஒரு மனிதர் இருந்தார். இன்று நான் சென்று கேட்டபோது பொறியாளர் மிகுந்த மரியாதையுடன் கோப்பைத் திறந்தே காட்டினார். ஒவ்வொரு விதிக்கும் அருகில் குறிப்பு எழுத இடம் இருக்கிறது. எல்லா இடத்திலும் ‘ஆட்டோ அப்டேட்’ என்ற இரு சொற்களே. “நான் தடுக்கவில்லை மேடம், பட்டியலில் வந்தது” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. பட்டியலைத் தந்த நிறுவனமோ எங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரையே அறியாது. தடை மட்டும் நின்றது. தடுத்தவர் எவரும் இல்லை.

ஆகஸ்ட் 2017இல் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளம் இந்தியாவில் பலருக்குத் திறக்கவில்லை. இரண்டு இந்தித் திரைப்படங்களின் திருட்டுப் பதிப்பைத் தடுக்கக் கோரிய வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த ஆணைகளின் பட்டியலில் அதுவும் இடம்பெற்றிருந்தது. அது அளவுமீறிய தடை என்பதே என் கருத்து. ஆயினும் ஓர் ஆணை இருந்தது. இதழாளர்கள் தேடினார்கள், அது கிடைத்தது, விவாதிக்க முடிந்தது. ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம் 69ஏ பிரிவை ஏற்றுக்கொண்டபோது, தடைக்கான காரணங்கள் எழுத்தில் பதிவாக வேண்டும் என்பதைச் சுட்டிக்காட்டியது. எங்கள் வடிகட்டி அரசின் தணிக்கை அன்று. அந்தச் சட்டம் இங்கே பொருந்தாது. ஆனால் நாட்டையே தழுவும் தடைக்கு எழுத்தில் காரணம் தேவைப்படும்போது, ஆய்வுக்கென்றே நிறுவப்பட்ட வளாகத்தில் ‘ஆட்டோ அப்டேட்’ போதும் என்பதை ஏற்க என் மனம் ஒப்பவில்லை.

இதற்கு மருந்தும் தானியக்கத்திலேயே இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. எல்லாத் தடைகளும் இப்போது ஒரே உரைக்கோப்பில் உள்ளன. எந்த வகை, யாருடைய பட்டியல், எந்த நாள், இங்கே அதற்கு ஒப்புதல் தந்தவர் யார் என்பதை அந்த நிரலே குறிப்பிடத்தில் எழுதிவிடும். ஒருமுறை நிரலைத் திருத்தினால் போதும். 15 என்ற குறியை விடையோடு அனுப்ப, கருவி அனுமதித்தால், அதையும் செய்யலாம். வளாகத்தின் பயனர்கள் வகைத்தடைகளின் பட்டியலை வாசிக்கும்படி உள்வலையில் வைக்கலாம். தீநிரல் தளங்களின் பெயர்களை வெளியிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. விடுவிப்பும் தடுப்பின் வேகத்தில் நடக்க வேண்டும். இன்று ஒரு பெயரைத் தடுக்கச் சில நிமிடங்கள். விடுவிக்கத் தாள் விண்ணப்பம், நெறியாளர் கையொப்பம், துறைத்தலைவர் கையொப்பம். கோலாமித் தளம் திறக்கப் பத்தொன்பது நாள் ஆயிற்று. நெறியாளர் ஒப்புதல் அளித்தவுடன் ஒரு பெயரை முப்பது நாளுக்குத் தானாக விடுவித்து, அதற்குள் மனிதர் ஒருவர் பார்த்து முடிவு செய்யும் வழியை அதே நிரலில் சேர்ப்பது கடினம் அன்று என்று அந்தப் பொறியாளரே ஒப்புக்கொண்டார். “யாராவது எழுத்தில் கேட்டால் செய்யலாம்” என்றார்.

எனவே எழுதியிருக்கிறேன். கணினி மையத்துக்கான விண்ணப்பத்தின் வரைவு இரண்டு பக்கம். கோலாமி ஆய்வாளரின் பெயர் அதில் இல்லை, “இன்னொரு முறை என் தளத்தைப் பற்றிப் பேச்சு வேண்டாம் அக்கா” என்று கேட்டுக்கொண்டார். எங்கள் வளாகத்தைச் சேர்ந்தோர் கையொப்பமிட விரும்பினால் உட்பெட்டியில் எழுதுங்கள். பிற பல்கலைக்கழக நண்பர்கள், உங்கள் வளாகத்தில் ஒரு பெயரை விடுவிக்க எத்தனை நாள் ஆகிறது என்று கீழே குறிப்பிட்டால் விண்ணப்பத்தில் இணைத்துக்கொள்வேன்.