தேடியது கருத்தடை மருந்து. கிடைத்தது புற்றுநோய் மருந்து!

இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. என்ற ரசாயனக் கம்பெனி இருந்தது. அதன் ஆராய்ச்சிக் கூடத்தில், 1962-ம் ஆண்டு ஒரு புதிய மருந்து தயாராயிற்று. அதைத் தயாரித்தவர் ஒரு பெண் விஞ்ஞானி. பெயர், டோரா ரிச்சர்ட்சன்.

கர்ப்பத்தைத் தடுப்பதற்காகவே அந்த மருந்து தயாரிக்கப்பட்டது. எலிகளிடம் அது பலித்தது. பெண்களிடமோ பலன் தலைகீழாக இருந்தது! கருமுட்டை உண்டாவதை அது தூண்டிவிட்டது.

ஆனாலும் விஞ்ஞானிகள் அதைக் குப்பையில் போட்டுவிடவில்லை. மான்செஸ்டர் நகர ஆஸ்பத்திரி ஒன்றில், மார்புப் புற்றுநோய் முற்றிய 46 பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 10 பேருக்குக் குணம் தெரிந்தது. 1971-ல் இந்தச் செய்தி வெளியாயிற்று.

அந்த மருந்துதான், இன்று உலகமெங்கும் பயன்படும் "டமாக்சிபென்".

பூட்டும் சாவியும்

பெண்களின் உடலில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் சுரக்கிறது. மார்புப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை இதன் தூண்டுதலால் வளருகின்றன.

புற்றணுவில் ஒரு பூட்டு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஈஸ்ட்ரோஜன், அதன் சாவி. டமாக்சிபெனும் அந்தப் பூட்டுக்குள் நுழையும், ஆனால் திறக்காது. அது உள்ளே இருக்கும்வரை, உண்மைச் சாவி நுழைய முடியாது!

எல்லாப் புற்றுநோய்க்கும் இந்தப் பூட்டு கிடையாது. கட்டியில் சிறு துண்டை எடுத்துச் சோதித்து, டாக்டர்கள் கண்டுபிடிப்பார்கள்.

பாதியில் நிறுத்தலாமா?

ஆபரேஷன் முடிந்தபின், தினமும் இதைச் சாப்பிட வேண்டும். ஒரு மாதம், இரண்டு மாதம் அல்ல; 5 ஆண்டுகள்! சிலருக்கு 10 ஆண்டுகள்.

சங்கடம் இங்கேதான். கட்டி போய்விட்டது, வலியும் இல்லை. மாத்திரையாலோ, உடம்பு திடீர் திடீரென்று அனலாய்க் கொதிக்கிறது, வியர்க்கிறது. "இனி எதற்கு இது?" என்று பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள்.

இது ஆபத்து. இந்த நோய் பல ஆண்டுகள் கழித்தும் திரும்பி வரக்கூடியது. 5 ஆண்டுகள் மருந்து சாப்பிட்டவர்களிடையே, 15 ஆண்டுகளில் இந்நோயால் ஏற்படும் மரணம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது.

மருந்தில் தீங்கே இல்லை என்று சொல்ல முடியாது. அபூர்வமாக, காலில் ரத்தம் உறையலாம். கருப்பையில் புற்று வரலாம். கால் வீங்கினாலும், மாதவிடாய் நின்றபின் ரத்தம் கண்டாலும், உடனே டாக்டரிடம் போக வேண்டும். கர்ப்ப காலத்தில் இதைச் சாப்பிடக் கூடாது.

மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால், வேறு மருந்துகளும் இருக்கின்றன. எதைக் கொடுப்பது என்பதை டாக்டர் முடிவு செய்வார். தாமாக நிறுத்துவதுதான் தவறு.

வீட்டில் இருப்பவர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. எல்லோருக்கும் சோறு போட்டுவிட்டு, தன் மாத்திரையை மறந்துவிடுபவள் தாய். "அம்மா, மாத்திரை சாப்பிட்டாயா?" என்று தினமும் ஒருவர் கேட்டால் போதும்.